இடுப்பளவு தண்ணீரில் தொடங்குங்கள்: மொரீசியஸில் முதல் ஸ்நார்கெலிங்

ஊரிலிருந்து கல்லூரித் தோழிகள் மொரீசியஸுக்கு டிக்கெட் போட்டதும் வாட்ஸாப்பில் எனக்கு வரும் முதல் கேள்வி, “ஏய், தண்ணியில என்னடி பண்ணலாம்?” என்பதுதான். கூடவே ஒரு நீளப் பட்டியலும் வரும். பாராசெயிலிங், டால்பின், ஸ்பீட் போட், காற்றுச் சிலிண்டர் கட்டி முங்கும் ஸ்கூபா, தலையில் கண்ணாடிக் குடம் கவிழ்த்துக்கொண்டு கடலடியில் நடப்பது. கேட்பவர்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. மீதிப் பேர் பள்ளிக்கூட லீவில் கிணற்றில் குதித்ததோடு சரி.

நான் கரூர்ப் பெண். கல்யாணமாகி மொரீசியஸின் ரோஸ் ஹில் ஊருக்கு வந்த பிறகுதான் கடலில் முகத்தை வைத்தேன். ஆகவே தண்ணீரைப் பார்த்ததும் வயிற்றில் புளியைக் கரைப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: முதலில் ஸ்நார்கெலிங் பழகுங்கள், அதாவது முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்து மிதந்தபடி கீழே பார்ப்பது. ஒரு மாஸ்க், ஒரு மூச்சுக்குழாய், லைஃப் ஜாக்கெட் போதும். மீன்களும் பவளமும் ஆளுயரத் தண்ணீரிலேயே இருக்கின்றன, அவற்றைப் பார்க்க முங்கவே வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை. போட் ஏறி, ஆழத்தில் இறங்கி, அங்கே போய்ப் பழகக் கூடாது. கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் அரை மணி நேரம் நின்று பழகிவிட்டு அப்புறம் போட் ஏறுங்கள். கீழே நான் சொல்வதில் பெரும்பகுதி அந்த அரை மணி நேரத்துக்கான தயாரிப்புதான்.

எந்தக் கடற்கரை, எந்த நேரம்

இந்தத் தீவைச் சுற்றி ஏறக்குறைய 150 கிலோமீட்டருக்குப் பவளத்திட்டு வேலி கட்டியிருக்கிறது. பெரிய அலை அதில் மோதி உடைந்துவிடும். கரையில் நின்று பார்த்தால் தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிவது அதுதான். அந்தக் கோட்டுக்கும் கரைக்கும் நடுவே இருக்கும் அமைதியான தண்ணீரை இங்கே எல்லோரும் லகூன் என்பார்கள். நமக்கான இடம் அதுதான், கோட்டுக்கு அப்பால் நமக்கு வேலை இல்லை.

அந்த வேலியில் அங்கங்கே வாசல்கள் உண்டு. ஆற்று நீர் கடலில் விழும் இடத்தில் பவளம் வளராது, அங்கே இடைவெளி விழும். இங்கே பேசும் கிரியோல் மொழியில் அதைப் ‘பாஸ்’ என்பார்கள். திட்டுக்கு மேலே ஏறி உள்ளே வரும் அலைத் தண்ணீர் முழுக்க அந்த வாசல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அதனால் அங்கே இழுப்பு பலமாக இருக்கும். எந்தக் கடற்கரைக்குப் போனாலும், “பாஸ் எந்தப் பக்கம்?” என்று உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்டுவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கமாக இறங்குங்கள். மீன்பிடிக்கிறவரோ அன்னாசி விற்கிறவரோ, யாராக இருந்தாலும் கை நீட்டிக் காட்டிவிடுவார்.

தோழிகளை நான் கூட்டிப்போவது தென்கிழக்கில் மாயேபூருக்குப் பக்கத்தில் இருக்கும் ப்ளூ பே. 1997-இல் தேசியப் பூங்காவாகவும் 2000-இல் கடல்சார் பூங்காவாகவும் அறிவித்துப் பாதுகாக்கும் இடம். 2008-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மொத்தம் 353 ஹெக்டேர். நீந்துகிறவர்களுக்கு ஒரு பகுதி, போட்டுகளுக்கு ஒரு பகுதி என்று மிதவை கட்டிப் பிரித்திருக்கிறார்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி. கரையில் சவுக்கு மர நிழல் உண்டு. தண்ணீருக்கு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும் தோழியைப் பைகளோடு அங்கே உட்கார வைக்கலாம். அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள்: தண்ணீரில் இருக்கும் தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பது. கைபேசியைப் பார்க்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் ப்ளூ பேயில் ஒரு சிக்கல். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று இந்தப் பக்கம்தான் முகத்தில் அடிக்கும். தண்ணீர் கலங்கும், சில்லென்றும் இருக்கும். அந்த மாதங்களில் மேற்கே ஃபிளிக்-ஆன்-ஃபிளாக் அல்லது வடமேற்கே த்ரூ ஓ பீஷ், மோன் ஷுவாசி பக்கம் போய்விடுங்கள். காற்றுக்கு மறைவான பக்கம் என்பதால் கடல் தட்டு மாதிரி கிடக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் அது புயல் காலமும்கூட. எச்சரிக்கை எண் அறிவித்துவிட்டால் கடலை மறந்துவிட்டு வீட்டில் சீட்டாடுங்கள். பெருமழை பெய்த மறுநாளும் வேண்டாம், செம்மண் கலந்து ஒன்றும் தெரியாது.

நேரம் என்றால் காலை. எட்டு மணிக்குத் தண்ணீரில் நிற்பது போல வாருங்கள். காற்று அதிகம் கிளம்பியிருக்காது, போட்டுகளின் சந்தடியும் குறைவு. இங்கே கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டர்கூட வராது. ஆனாலும் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில் பவளம் வயிற்றை உரசும் அளவுக்கு மேலே வந்துவிடும். போட்காரரிடம் கேட்டால் ஏற்ற நேரத்தைச் சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பழகுவதற்கு ஏற்ற நாளே இல்லை. தீவே குடும்பத்தோடு கடற்கரைக்கு வந்து அண்டா வைத்துப் பிரியாணி சமைக்கும் நாள் அது. சாப்பிட வேண்டுமானால் அன்றைக்கு வாருங்கள்.

உடை, நகை, எண்ணெய்

இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நம் பெண்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

நீச்சலுடைதான் போட வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. உடம்பைப் பிடித்த லெக்கிங்ஸ், முழுக்கை வைத்த நீச்சல் சட்டை, இரண்டும் நைலான் துணியில் இருந்தால் சரி. பருத்தி டி-ஷர்ட் தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும், துப்பட்டா கழுத்தில் சுற்றும், இரண்டும் வேண்டாம். முழுக்கைச் சட்டைக்கு இன்னொரு பலனும் உண்டு. குப்புற மிதக்கும்போது முதுகும் முழங்காலின் பின்பக்கமும் வெயிலுக்கு நேராக இருக்கும். தண்ணீர் குளிர்ச்சியில் எரிவது தெரியாது, ராத்திரி படுக்கும்போதுதான் தெரியும். துணியால் மூடிவிட்டால் சன்ஸ்கிரீன் அதிகம் தேவைப்படாது. முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் துத்தநாகம் கலந்த வகையை வாங்குங்கள். ஆக்ஸிபென்சோன் என்று சீட்டில் போட்டிருந்தால் தவிர்த்துவிடுங்கள், அது பவளத்துக்குக் கெடுதல்.

தாலிச் சங்கிலி: கழற்ற மனமில்லாதவர்கள் சட்டைக்கு உள்ளே ஊக்கு போட்டுக் குத்திவிடுங்கள். என் மாமியார் சொல்லிக்கொடுத்த வழி இது. ரோஸ் ஹில்லில் பிறந்து வளர்ந்தவர், தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம் இருப்பார், கடலிலும் நன்றாக நீந்துவார். மெட்டியைக் கழற்றிவிடுங்கள், ஃபின் (நீந்தக் காலில் மாட்டும் துடுப்பு) போட்டால் விரலை அறுக்கும். மூக்குத்தி தட்டையாக இருந்தால் பிரச்சினை இல்லை. கல் எழும்பி நின்றால் மாஸ்க் அழுத்தி வலிக்கும். மோதிரம் வேண்டவே வேண்டாம், தண்ணீரில் விரல் சுருங்கினால் வழுக்கிப் போய்விடும்.

அன்று காலை தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்காதீர்கள். நெற்றியில் வழியும் எண்ணெயில் மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு ஒட்டாமல் நழுவும். முடியை இரட்டைப் பின்னலாகத் தாழ்வாகக் கட்டுங்கள். உச்சிக் கொண்டை போட்டால் மாஸ்க் பட்டை உட்கார இடம் இருக்காது. மாதவிலக்கு நாளாக இருந்தாலும் டாம்பூன் அல்லது கப் பழக்கம் இருந்தால் தாராளமாக இறங்கலாம்.

சாப்பாடு லேசாக இருக்கட்டும். இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் போதும். முந்தின இரவு ரம் பார்ட்டி என்றால் மறுநாள் காலைக் கடலை ரத்து செய்யுங்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

மாஸ்க்கில் கஞ்சத்தனம் கூடாது

ஸ்நார்கெலிங் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்கள் பலரிடம் கிளறிக் கேட்டால், பிடிக்காமல் போனது கடல் இல்லை, ஒழுகிய மாஸ்க். வாடகைக்குக் கொடுப்பவை ஆயிரம் முகம் பார்த்தவை. ஒருமுறை ஒரு போட்காரர் எங்களுக்குக் கொடுத்த நாலு மாஸ்க்கில் மூன்று கண்வரை நிரம்பின. “அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்றார். அன்றைய பொழுது போனது போனதுதான். மூச்சுக்குழாயும் மாஸ்க்கும் மட்டும் சொந்தமாக வாங்கிவிடுங்கள். ஃபின், லைஃப் ஜாக்கெட் வாடகைக்குப் போதும்.

கடையில் பொருத்தம் பார்ப்பது எப்படி? பட்டையைத் தலைக்குப் பின்னால் போடாமல், மாஸ்க்கை முகத்தில் வெறுமனே வைத்து, மூக்கால் மெல்ல உறிஞ்சுங்கள். கையை எடுங்கள். அது முகத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றால் உங்களுடையது. விழுந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். நெற்றி முடி ஓர் இழை உள்ளே சிக்கினாலும் அந்த வழியாகத் தண்ணீர் வரும். கூட வரும் கணவர்மார்களுக்கு மீசை அடர்த்தி என்றால், மூக்குக்கு அடியில் ஒரு விரல் அகலம் கத்தரித்துக்கொள்வதே வழி. எங்கள் வீட்டில் அதற்கு நடந்த பேச்சுவார்த்தை தனிக்கதை.

பட்டையை இறுக்கினால் ஒழுகாது என்று நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. அதிகம் இறுக்கினால் விளிம்பு மடங்கி ஒழுகும். கண்ணாடி போடுகிறவர்களுக்கு மைனஸ் பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறது. ஊரிலேயே உங்கள் எண்ணைச் சொல்லி வாங்கி வாருங்கள்.

புது மாஸ்க்கின் கண்ணாடி உள்பக்கத்தில் ஒரு மெல்லிய படலம் இருக்கும். அதை எடுக்காமல் தண்ணீரில் போனால் ஆவி படர்ந்து ஒன்றும் தெரியாது. ஜெல் இல்லாத வெள்ளைப் பற்பசையை விரலால் தேய்த்து, கழுவி, இன்னொரு முறை தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் ஒவ்வொரு முறையும் இறங்குவதற்கு முன் உள்ளே எச்சில் துப்பித் தேய்த்து, கடல் தண்ணீரில் ஒரு அலசு. கூட வந்த தோழிகளில் சென்னைக்காரி “சீ” என்றாள். அவளுடைய மாஸ்க்தான் முதலில் மங்கியது.

முகம் முழுவதையும் மூடும் புதுவகை மாஸ்க்கைப் பற்றியும் கேட்கிறார்கள். மூக்காலேயே மூச்சு விடலாம் என்பதால் ஆசையாக இருக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். திணறல் வந்தால் சாதாரணக் குழாயைத் துப்பிவிட்டு உடனே வாயால் மூச்சு இழுக்கலாம். இந்தப் புதுவகையில் முழு மாஸ்க்கையும் பிய்த்து எடுக்க வேண்டும். விட்ட மூச்சே உள்ளே தங்கிவிடும் ஆபத்தும் கூடுதல்.

அந்த அரை மணி நேரம்

இடுப்பளவு தண்ணீர், கீழே மணல், பவளம் இல்லாத இடம். காலில் ரப்பர் செருப்பு. நால்வர் என்றால் இருவர் இருவராகப் பிரியுங்கள். பயந்தவரோடு நிதானமானவரைச் சேர்க்க வேண்டும். இரண்டு பயந்தவர்களைச் சேர்த்தால் ஒருவர் மேல் ஒருவர் ஏறுவார்கள். இரண்டு துணிச்சல்காரிகளைச் சேர்த்தால் காணாமல் போவார்கள்.

முதலில் மாஸ்க், குழாய் இரண்டையும் போட்டுக்கொண்டு, தலையைத் தண்ணீரில் வைக்காமல் சும்மா நின்று வாயால் மூச்சு விடுங்கள். இரண்டு நிமிடம். கேலிக்கூத்தாக இருக்கும், ஆளாளுக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடியட்டும். நமக்கு மூக்கால் மூச்சு விட்டே பழக்கம். மூக்கை மூடியதும் மூச்சே போய்விட்டது என்று மனசு அலறும். அந்த அலறலைத் தரையில் கால் ஊன்றி நின்றபடியே அடக்கிவிட வேண்டும்.

குழாயின் ரப்பர் வாய்க்கட்டையில் இரண்டு சிறு முனைகள் இருக்கும். அவற்றைப் பல்லால் லேசாகப் பிடித்தால் போதும், உதடுதான் சுற்றி மூட வேண்டும். கடித்துக்கொண்டே இருந்தால் பத்து நிமிடத்தில் தாடை வலிக்கும்.

இப்போது துணையின் கையைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, முகத்தை மட்டும் தண்ணீரில் வையுங்கள். குளிர்ந்த தண்ணீர் முகத்தில் பட்டதும் மூச்சு திக்கென்று நிற்கும். அது உடம்பின் இயல்பு, உங்கள் கோழைத்தனம் இல்லை. பத்து எண்ணுவதற்குள் தானாகச் சீராகிவிடும். எண்ணுங்கள். மெதுவாக உள்ளே, அதைவிட மெதுவாக வெளியே. இதில் ஒரு காரணமும் இருக்கிறது. விடும் மூச்சின் ஒரு பகுதி குழாயிலேயே தங்கி, அடுத்த இழுப்பில் முதலில் அதுதான் திரும்ப வரும். சின்னச் சின்னதாக வேகமாக மூச்சு வாங்கினால் பழைய காற்றையே சுற்றிச் சுற்றி இழுப்பீர்கள், மூச்சு முட்டும், பயம் கூடும். நீளமாக விட்டால் குழாய் காலியாகும். குழாயை ஓரடிக்குக் கொஞ்சம் மேலே, அதற்கு மேல் நீட்டாமல் செய்வதும் இதனால்தான். இன்னும் நீளமானால் பழைய காற்று அதிகம் தங்கும். ஆழம் கூடக் கூடத் தண்ணீர் நெஞ்சை அமுக்குவதால் இழுக்கவும் முடியாது.

முகத்தை வைத்து நிதானமாக மூச்சு விட முடிகிறதா? அடுத்து, வேண்டுமென்றே குழாய்க்குள் தண்ணீர் விட வேண்டும். இந்தப் பயிற்சியைத்தான் எல்லோரும் தட்டிக்கழிப்பார்கள், விடாதீர்கள். நின்றபடி குழாயின் மேல்முனையைத் தண்ணீரில் முக்குங்கள். “தூ” என்று ஒரே ஊத்தாக ஊதுங்கள், புட்டு மாவு தொண்டையில் சிக்கினால் துப்புவோமே, அந்த வேகத்தில். தண்ணீர் மேலே பீய்ச்சும். மிச்சம் இருந்தால் இன்னொரு ஊத்து. ஊதியபின் முதல் இழுப்பை மெல்ல இழுங்கள், கொஞ்சம் தண்ணீர் தங்கியிருக்கலாம். இதை நாலைந்து முறை செய்தவர் ஆழத்தில் சிற்றலை அடித்தாலும் பதற மாட்டார். செய்யாதவர் முதல் மடக்கு உப்புத் தண்ணீரிலேயே போட்டைத் தேடுவார்.

மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் தலையை மேலே எடுத்து, கீழ்விளிம்பைக் கன்னத்திலிருந்து கொஞ்சம் இழுங்கள். கொட்டிவிடும்.

அப்புறம் மிதத்தல். லைஃப் ஜாக்கெட் போட்டு, காலிடுக்குப் பட்டை இருந்தால் அதையும் மாட்டுங்கள். இல்லையென்றால் ஜாக்கெட் காதுவரை ஏறும். முகம் கீழே, கைகள் முன்னால், கால்களைத் தளர விடுங்கள். கடல் நீர் உப்பு என்பதால் கிணற்றைவிட எளிதாகத் தூக்கும். நம் ஆட்கள் எல்லோரும் செய்வது, “எங்கே போறோம்?” என்று தலையை நிமிர்த்திப் பார்ப்பது. தலை மேலே போனால் கால் கீழே போகும், உடனே சைக்கிள் மிதிப்பார்கள். பார்வை நேர் கீழே இருக்கட்டும். மதுரைக்காரி இதை ஏற்கவே மறுத்தாள். கடைசியில் அவள் முகத்துக்குக் கீழே மணலில் ஒரு சிவப்பு வளையலைப் போட்டு, “அதைப் பார்த்துக்கிட்டே இரு” என்றேன். கால் தானாக எழும்பியது. அதன் பிறகு அவளை வெளியே கூப்பிடுவதுதான் கஷ்டமாக இருந்தது.

ஃபின் கட்டாயமில்லை. போட்டால் பின்பக்கமாகவே நடந்து தண்ணீருக்குள் போங்கள். உதைக்கும்போது இடுப்பிலிருந்து உதையுங்கள், முழங்காலிலிருந்து வேண்டாம்.

சைகைகளை இங்கேயே முடிவு செய்யுங்கள். உள்ளங்கையைத் தலைமேல் வைத்தால் “நான் நல்லா இருக்கேன்”. கையைத் தூக்கி ஆட்டினால் “உதவி வேண்டும்”. ஆகவே புகைப்படத்துக்காகக் கையாட்டும் பழக்கத்தைத் தண்ணீரில் விட்டுவிடுங்கள்.

போட் பேசும்போது

கரையில் உங்களைச் சூழ்ந்துகொள்வார்கள். விலை பேசுவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். சுற்றுலா ஆணையத்தின் உரிமம் உண்டா, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் உண்டா, தண்ணீரிலிருந்து ஏறப் படிக்கட்டு உண்டா. படிக்கட்டு இல்லாத போட்டில் நம் வயதுப் பெண்களை ஏற்றுவதற்கு இரண்டு ஆண்கள் வேண்டும், மானம் போய்விடும். ஒரு மணி நேரம் என்றால் போகவர எவ்வளவு, தண்ணீரில் எவ்வளவு என்றும் கேளுங்கள். தனியாக வேறு யாரையும் ஏற்றாமல் உங்கள் குழுவுக்கு மட்டும் பேசினால் கொஞ்சம் கூடுதலாகும். முதல் முறைக்கு அது தகும். வேகமாக நீந்தும் அந்நியர் இருவர் உங்களுக்காகக் காத்திருந்தால், அந்தச் சங்கடத்திலேயே பயந்தவர் மேலும் பயப்படுவார். போட் ஓட்டும் ஸ்கிப்பரிடம் “தூஸ்மான்” என்று சொல்லுங்கள், மெதுவாக என்று புரிந்துகொண்டு சிரிப்பார்.

என்ஜின் நின்ற பிறகே இறங்குங்கள். படிக்கட்டில் முதுகு காட்டி இறங்கி, கயிற்றைப் பிடித்தபடி பத்து மூச்சு. அப்புறம் கையை விடுங்கள். நீந்தத் தொடங்குவதற்கு முன் அசையாமல் மிதந்து, கீழே ஒரு கல்லைப் பாருங்கள். கல் நகர்கிறது என்றால் நகர்வது நீங்கள், நீரோட்டம் இருக்கிறது. போகும்போது அதற்கு எதிராகப் போங்கள். திரும்பும்போது, களைத்த நேரத்தில், அதுவே தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கும். இழுப்பு மிஞ்சினால் எதிர்த்து மல்லுக்கட்ட வேண்டாம். குறுக்காக நகர்ந்து, கையைத் தூக்கி ஆட்டுங்கள்.

முதல் முறை இருபது நிமிடம் போதும். உதடு நீலமாகும் வரை, பல் கிட்டும் வரை இருக்க வேண்டியதில்லை.

என்னென்ன தெரியும் என்றால்: உடம்பில் கருப்புப் பட்டை போட்ட சின்ன மீன்கள் கூட்டமாகச் சுற்றிக்கொள்ளும். பச்சையும் நீலமுமாகக் கிளிமீன். அதன் வாயைக் கவனியுங்கள், கிளி மூக்கேதான். அது பவளத்தைக் கடிக்கும் ‘நறுக் நறுக்’ சத்தம் தண்ணீருக்குள் காதில் விழும். கடித்த சுண்ணாம்பை அரைத்து மணலாக வெளியே விடும். கரையில் நாம் நடக்கும் வெள்ளை மணலில் அதன் பங்கும் உண்டு. கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். “இம்மாம் பெரிய மீன்” என்று ஊருக்குப் போய்ச் சொல்கிறவர்களை மன்னித்துவிடலாம்.

போட்காரர் ரொட்டி போட்டு மீனைக் கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மீனுக்கு ரொட்டி தேவையே இல்லை. பாசியை மேய வேண்டிய மீன் ரொட்டிக்கு அலைந்தால் பவளத்தின் மேல் பாசிதான் ஏறும்.

தொடாதே என்றால் தொடாதே

பவளம் கல் இல்லை, உயிர். ஒரு ஃபின் உதையில் ஒடிவது திரும்ப வளரப் பல ஆண்டுகள் ஆகும். 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல், ப்ளூ பேக்குப் பக்கத்திலேயே புவாந்த் தெஸ்னி எதிரே, திட்டில் ஏறியது. ஆகஸ்டில் ஏறக்குறைய 1000 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. தீவே திரண்டு வந்து, கரும்புச் சோகையைத் துணிப்பையில் அடைத்துத் தைத்து, எண்ணெயைத் தடுக்கும் மிதவை செய்தது. மாமியாரும் நானும் அந்தத் தையலில் இருந்தோம், வாரக்கணக்கில் கையில் வாடை போகவில்லை. ஆகவே இங்கே யாராவது பவளத்தின் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுத்தால் கரையிலிருந்தே திட்டு வரும். நானும் திட்டுவேன். பவளத்தையோ சங்கையோ எடுத்துப் பையில் போடுவது சட்டப்படியும் குற்றம்.

உங்கள் நல்லதுக்கும் தொடாதீர்கள். கருப்பு முள் உருண்டை உட்கார்ந்திருக்கும், இங்கே ‘ஊர்சின்’ என்பார்கள். மிதித்தால் முள் ஒடிந்து உள்ளே தங்கும். ‘லாஃப்’ என்று ஒரு கல் மீன் உண்டு, பாறையோடு பாறையாகக் கிடக்கும், முதுகு முள்ளில் கடும் விஷம். ரப்பர் செருப்பு போடச் சொன்னது இதற்காகத்தான். கூம்பு வடிவச் சங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்காதீர்கள், சில வகை உயிரோடு இருக்கும்போது கொட்டும், ஆளையே கொல்லும்.

கல் மீன் குத்திவிட்டால் காலை, பொறுக்க முடிகிற அளவு சூடான தண்ணீரில் வைத்து, அப்படியே ஆஸ்பத்திரிக்கு. சூடு அந்த விஷத்தின் வேகத்தைக் குறைக்கும். ஆம்புலன்ஸ் எண் 114, போலீஸ் 999. எல்லோர் கைபேசியிலும் ஏற்றிவையுங்கள், கரையில் இருக்கும் தோழியுடையதில் கட்டாயம்.

வெளியே வந்ததும்

துணி மாற்றுவதற்கு முன் தண்ணீர் குடியுங்கள். உப்புக் காற்றில் தாகம் தெரியாது. மாஸ்க்கை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். வெயிலில் போட்டால் சிலிக்கான் மஞ்சளாகும். காதில் தண்ணீர் நின்றால் தலையைச் சாய்த்துக் குதியுங்கள், பட்ஸ் விட்டுக் குடைய வேண்டாம்.

அப்புறம் பசி. அது சாதாரணப் பசியாக இருக்காது. மாயேபூருக்கு வண்டியை விட்டால் தால் பூரியும் காதோ பிமானும் கிடைக்கும். காதோ பிமான் என்றதும் பிரெஞ்சுப் பலகாரம் என்று ஈரோட்டுக்காரி கைக்குட்டை விரித்து உட்கார்ந்தாள். வந்தது நம் பருப்பு வடையின் சின்னத் தங்கச்சி. திங்கட்கிழமை என்றால் மாயேபூர்ச் சந்தையும் இருக்கும், அரைநாள் அங்கேயே போகும்.

ப்ளூ பேயிலிருந்து விமான நிலையம் கூப்பிடு தூரம், விமானங்கள் தலைக்கு மேலேயே இறங்கும். அதனால் பலரும் கடைசி நாளை இங்கே வைத்துக்கொள்கிறார்கள். ஸ்நார்கெலிங் மட்டும் என்றால் காலையில் மிதந்துவிட்டு மாலையில் விமானம் ஏறுவதில் தவறில்லை. ருசி கண்டு ஸ்கூபாவும் முயல்வதாக இருந்தால் கதை வேறு. அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். ஒரே ஒரு முறை முங்கினாலும் 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் கழித்தே பறக்கச் சொல்கிறார்கள். ஸ்கூபாவைப் பயணத்தின் நடுவில் வைத்து, கடைசி நாளுக்கு மாஸ்க்கும் குழாயும் போதும் என்று டிக்கெட் போடும்போதே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.